கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு புதிய செல்போன்

செல்போன் மாற்றுவதெல்லாம் ஒரு கட்டுரைக்குரிய விஷயமா என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். தராசு மாற்றினால் முத்திரை பார்த்து வாங்குகிறோம். கணக்குப்பிள்ளை மாறினால் பழையவரை ஒரு வாரம் கூடவே உட்கார வைத்து, பேரேட்டைப் பக்கம் பக்கமாக ஒப்படைக்கச் சொல்கிறோம். ஆனால் ஆர்டர், வசூல், வங்கிக் கணக்கு, லாரி வாடகை, ஊர் ஊராக உள்ள வாடிக்கையாளர் எண்கள் இத்தனையும் அடங்கிய கருவியை மட்டும் வீட்டுப் பையன் கையில் கொடுத்து, "மாத்திக் கொண்டா" என்று சொல்லிவிடுகிறோம். அது முறையல்ல என்பது நமது அபிப்பிராயம். சென்ற சில வாரங்களில் நமது கடையில் கண்டவற்றை, மளிகைக்கடை அன்பர்களுக்குப் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

1995 ஜூலை 31 அன்று நம் நாட்டில் செல்போன் சேவை தொடங்கியது. அப்போது அது நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாத பொருள். நாம் பேசினாலும் காசு. பிறர் நம்மை அழைத்தாலும் காசு. 2003 மே மாதம் வருகிற அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்று ஆன பிறகே மளிகைக் கடைகளுக்குச் செல்போன் வந்து சேர்ந்தது. நாமும் அதன் பிறகு பட்டன் போன் ஒன்று, அப்புறம் இன்னொன்று, 2018-ல் தொடுதிரை போன் என்று வந்தவர்கள்தாம். அந்த 2018-ஆம் வருடத்துப் போன் ஏழு வருடத்துக்கு மேல் உழைத்தது. கண்ணாடியில் கீறல், மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடும். இவற்றைப் பொறுத்துக் கொண்டோம். வங்கிச் செயலியே "இந்தப் போனில் இனி இயங்காது" என்று அறிவிப்புக் காட்டிய பிறகு வேறு வழியில்லை.

போன் வாங்கிய கடையில் விற்பனைப் பையன் முதலில் கேட்டது பழைய போனைத்தான். "அண்ணாச்சி, பழசைக் கொடுத்துட்டுப் போங்க, மூவாயிரம் கழிச்சுத் தர்றோம்" என்றான். "தம்பி, கணக்கு முடிக்காம எந்தப் பேரேட்டையும் எடைக்குப் போடுறதில்லை" என்று சொல்லிவிட்டோம். பையன் சிரித்தான். அந்த மூவாயிரத்தை விட்டது எவ்வளவு நல்லதாயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

விலை ரூ. 18,880. இதில் போனின் விலை 16,000, ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதாவது 2,880. பில்லை நமது பெயரில் போடாமல் கடையின் பெயரில், ஜி.எஸ்.டி. எண்ணுடன் கேட்டு வாங்கினோம். தொழிலுக்காக வாங்கும் போனுக்குரிய வரியை உள்ளீட்டு வரியாக வரவு எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்தால் தேய்மானம் கணக்கிடும்போது 16,000 ரூபாயைத்தான் சொத்தாகக் காட்ட வேண்டும்; வரியையும் சேர்த்துக் காட்டக்கூடாது. காம்போசிஷன் முறையில் உள்ள சிறு கடைக்காரர்களுக்கு இந்த வரவு கிடையாது. பண்டிகைத் தள்ளுபடி பேசத் தெரிந்த நம்மவர்கள் பலர், பில்லில் எண் போடச் சொல்ல மறந்து இரண்டாயிரம், மூவாயிரத்தை விட்டுவிடுகிறார்கள்.

பெட்டியைத் திறந்தால் சார்ஜர் இல்லை! ஒயர் மட்டும் இருந்தது. இப்போது பல கம்பெனிகள் சார்ஜரைத் தனியாகத்தான் விற்கின்றன. பழைய சார்ஜரின் முனை இதில் நுழையாது. காதில் மாட்டும் ஒயருக்குத் துளையும் இல்லை. எண்ணெய் டின்னை விற்றுவிட்டு மூடிக்குத் தனி விலை சொன்னால் நமது வாடிக்கையாளர் நம்மை என்ன சொல்வார் என்று நினைத்துக் கொண்டோம்.

மாற்றும் வேலையைச் சனிக்கிழமை இரவு கடை கட்டிய பிறகு செய்தோம். ஞாயிறு விடுமுறை என்பதால் இந்த ஏற்பாடு. யு.பி.ஐ. செயலியைப் புதிய போனில் போட்டால் அது மறுபடி நம் சிம்மிலிருந்து வங்கிக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பிச் சரிபார்க்கிறது. சிம் அந்தப் போனுக்குள்ளேயே இருக்க வேண்டும். ரகசிய எண் பழையதே செல்லும். ஆனால் கருவி புதிது என்பதால் முதல் 24 மணி நேரத்துக்கு ரூ. 5,000-க்கு மேல் அனுப்ப முடியவில்லை. பாதுகாப்புக்காக வைத்த விதி, குறை சொல்வதற்கில்லை. ஆனால் நடுவாரத்தில் மாற்றியிருந்தால் குல்பர்காவிலிருந்து துவரம்பருப்பு ஏற்றி வந்த லாரிக்காரருக்கு வாடகைப் பாக்கி 18,500 ரூபாயை எப்படிக் கொடுப்பது? டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு வாசலில் நிற்பார். ஞாயிற்றுக்கிழமையோடு அந்தக் கெடு கழிந்து, திங்கள் காலை வழக்கம்போல் அனுப்பினோம். கொள்முதல் பணம் ஆர்.டி.ஜி.எஸ்.ஸில் போவதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

சிம் கார்டையே புதிதாக மாற்றுகிறவர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. புது சிம் போட்ட முதல் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வராது, போகாது. சிம்மைத் திருடி மோசடி செய்கிறவர்களைத் தடுக்க 2022 முதல் இப்படி வைத்திருக்கிறார்கள். 2025 ஏப்ரல் முதல் இ-வே பில் போடுவதற்கும் ஓ.டி.பி. வேண்டியிருக்கிறது. நம் மாநிலத்துக்குள்ளேயே ஒரு லட்சத்துக்கு மேல் சரக்கு அனுப்பினால் இ-வே பில் இல்லாமல் வண்டி கிளம்பாது. லோடு ஏற்றும் நாளில் சிம்மில் கை வைத்தால் வண்டி குடோனிலேயே நிற்கும்.

கடையில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். அட்டையும், "ரூபாய் பெறப்பட்டது" என்று சொல்லும் ஒலிப்பெட்டியும் போன் மாறியதால் எந்தப் பாதிப்பும் அடையவில்லை. அவை கணக்கோடு சேர்ந்தவை. போனோடு சேர்ந்தவை அல்ல. சிறு கடை அன்பர்கள் பலர் இதற்குப் பயந்துதான் பழைய போனையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள். பயம் வேண்டாம்.

இனி பழைய போன் விஷயத்துக்கு வருகிறோம். நமது கடையில் இரண்டு வாட்ஸ்அப் எண்கள். ஒன்று கடைக்கு, மற்றது குடோனுக்கு, ஆர்டர் எடுக்க. கடை எண்ணை மட்டும் புதிய போனுக்குக் கொண்டு வந்தோம். குடோன் எண்ணைப் பழைய போனிலேயே விட்டு, ஒரு மாதம் போகட்டும் என்று சார்ஜில் செருகி வைத்தோம்.

மூன்றாவது வாரம் பாக்கிப் பட்டியல் எடுத்தபோது, உசிலம்பட்டிப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் பெயரில் ரூ. 38,400 நின்றது. இருபது வருடத்துக்கு மேல் நம்மிடம் வாங்குகிறவர், சிறிய கடை. ஊர்த் திருவிழாவுக்காகச் சரக்குக் கேட்டு வந்திருந்தார். பழைய பாக்கி நிற்கும்போது மேலும் கடன் கொடுப்பதில்லை என்பது நமது கடையின் வழக்கம். யாருக்கும் அதில் விலக்கில்லை. கணக்குப்பிள்ளை பாக்கியைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "அண்ணாச்சி, அந்தப் பணத்தை அப்பவே போட்டாச்சே. குடோன் நம்பருக்குப் பேசியும் அனுப்பினேனே" என்றார். அவருடைய போனில் அந்தப் பேச்சு அழிந்து போயிருந்தது. வங்கிக் கணக்கில் அவர் பெயரில் வரவு இல்லை. நாம் அவரை நம்பாமல் இல்லை. ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே.

பழைய போனை எடுத்துவரச் சொல்லி, அவர் எதிரிலேயே குரல் பதிவுகளை ஒவ்வொன்றாக ஓட்டினோம். உளுந்து இரண்டு மூட்டை, கடலைப்பருப்பு ஒரு மூட்டை, சீரகம் ஐந்து கிலோ என்று சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசியில், "மாப்பிள்ளை கணக்குல இருந்து பணம் போட்டிருக்கேன், கடையில சொல்லிருங்க தம்பி" என்று முடித்திருந்தார். தேதியைப் பார்த்தோம். அதே நாளில் அதே தொகை, தெரியாத பெயரில் வந்து, யார் போட்டது என்று விளங்காமல் அனாமத்தில் வைக்கப்பட்டிருந்தது. அங்கேயே அனாமத்திலிருந்து அவர் பற்றில் வரவு வைத்து, சரக்கை ஏற்றி அனுப்பினோம். அவர் ஒன்றும் பேசவில்லை. தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார். அந்தப் போன் மூவாயிரத்துக்குப் போயிருந்தால், அதைத் துடைத்து வேறு யாருக்கோ விற்றிருப்பார்கள். நமக்கு 38,400 ரூபாய் பெரிதல்ல. ஒரு மனிதர் பொய் சொன்னார் என்ற பெயரோடு படி இறங்கியிருப்பார்.

இப்போது வேறொருவர் கணக்கிலிருந்து பணம் போடுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். மகன், மருமகன், பக்கத்துக் கடைக்காரர் என்று யார் கையில் போன் இருக்கிறதோ அவர் அனுப்புகிறார். போடும்போதே குறிப்பு எழுதும் இடத்தில் கடைப் பெயரையும் ஊரையும் எழுதச் சொல்லி இப்போது எல்லா வாடிக்கையாளர்களுக்கும் தெரிவித்திருக்கிறோம்.

புதிய போனில் நம்மை வியக்க வைத்தது கேமரா. அதுவே நம்மைக் கவலைப்படவும் வைத்தது. வந்த மறுநாள் துவரம்பருப்பைத் தட்டில் கொட்டிப் படம் எடுத்தோம். படத்தில் பருப்பு தங்கம் போல் மின்னியது. கையில் இருந்த பருப்போ சாதாரண நடுத்தரச் சரக்கு. குண்டு மிளகாயை எடுத்தோம். சற்றே வெளுத்திருந்த காய்கள் படத்தில் நல்ல சிவப்பாக வந்தன. போன் தானாகவே வண்ணத்தைக் கூட்டிவிடுகிறதாம். நிழற்படத்துக்கு முகம் பார்த்துப் பவுடர் போட்ட காலம் போய், பருப்புக்குப் பவுடர் போடும் காலம் வந்துவிட்டது!

இது விளையாட்டு அல்ல. இன்று பாதி வியாபாரம் படம் பார்த்துத்தான் பேசி முடிகிறது. நாம் அனுப்பும் படத்தைப் பார்த்துச் சில்லறைக் கடைக்காரர் "சரி, அனுப்புங்க" என்கிறார். சரக்கு இறங்கிய பிறகு நிறம் குறைந்தால் அவர் நம்மைத்தான் கேட்பார், கேமராவைக் கேட்கமாட்டார். அதே போல் வெளிமாநிலப் புரோக்கர் நமக்கு அனுப்பும் படமும் இப்படிப்பட்ட போனில் எடுத்ததுதானே? கேமரா அமைப்பில் வண்ணத்தைக் கூட்டும் வசதியை நிறுத்திவிட்டோம். வெள்ளைத்தாள் மேல் சரக்கைப் பரப்பி, வெயில் படாத பகல் வெளிச்சத்தில் எடுக்கிறோம். தாள் படத்தில் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் அந்தப் படம் செல்லாது. இப்படிச் செய்தும், மிளகாயின் ஈரம், உளுந்தில் வண்டு விழுந்த வாசனை, புளியின் பிசுக்கு ஆகியவற்றைப் படம் காட்டாது. புதிய இடத்துச் சரக்குக்கு மாதிரிப் பொட்டலம் வராமல் விலை பேசுவதில்லை என்று வைத்திருக்கிறோம்.

கைரேகையால் திறப்பது நமக்குச் சரிப்படவில்லை. நாற்பது வருடமாக மூட்டையும் சாக்கும் தொட்ட விரல், ரேகை தேய்ந்திருக்கிறது. வெல்லம் எடைபோட்ட கையைப் போன் அடியோடு மறுத்துவிடுகிறது. இரண்டு கைகளிலும் இரண்டிரண்டு விரல்களைப் பதிந்த பிறகு ஒருவாறு ஒப்புக்கொண்டது. பேசினால் எழுதும் வசதி, மெதுவாகப் பேசினால் தமிழை நன்றாகவே எழுதுகிறது. மதுரைப் பேச்சில் வேகமாகச் சொன்னால் மட்டும் அதற்குத் தோன்றியதை எழுதுகிறது. தொகையை வாயால் சொல்லி அனுப்புவதில்லை. எண்களைக் கையால் தட்டுகிறோம். எழுத்தைப் பெரிதாக்கியதும் கண்ணாடி இல்லாமலே படிக்க முடிகிறது. இது நமது வயதுக்காரர்களுக்கு ஒரு வரப்பிரசாதம்.

மோசடிகளைப் பற்றி இரண்டு வார்த்தை. பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையில்லை, எந்தப் படத்தையும் ஸ்கேன் செய்யவும் தேவையில்லை, கேட்கிறவன் திருடன். பணம் அனுப்பியதாகப் போனைத் தூக்கிக் காட்டுவதை ஏற்க வேண்டாம்; ஒலிப்பெட்டி சொல்லட்டும், அல்லது கணக்கில் தெரியட்டும். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதச் செல்லான் என்ற பெயரில் ஏ.பி.கே. என்று முடியும் கோப்பு வந்தால் தெரிந்தவர் அனுப்பியதானாலும் தொடாமல் அழித்துவிட வேண்டும். ஏமாந்துவிட்டால் நேரம் கடத்தாமல் 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும்.

போன் தொலைந்தால் அதை எந்த சிம் போட்டாலும் வேலை செய்யாமல் முடக்குவதற்கு மத்திய அரசின் சஞ்சார் சாத்தியில் வழி இருக்கிறது. அதற்குப் போனின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வேண்டும். நட்சத்திரக்குறி, சதுரக்குறி, 06, மறுபடி சதுரக்குறி என்று தட்டினால் திரையில் வரும். இரண்டு சிம் போனுக்கு இரண்டு எண்கள். போன் தொலைந்த பிறகு அதைத் தட்டிப் பார்க்க முடியாது அல்லவா? நமது எண்கள் இரண்டும் இந்த வருடப் பேரேட்டின் முதல் பக்கத்தில், பிள்ளையார் சுழிக்கும் "லாபம்" என்று எழுதிய வரிக்கும் கீழே இருக்கின்றன.