நெஞ்சைத் தண்ணீரும் இறுக்கும்

மலைமேல் இருக்கும் பெர்ன்ஹில்லிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். திருநம்பி. விடுமுறைக்குக் கோவையில் அக்கா வீட்டுக்குப் போகும்போது நீச்சல் பழக ஆசை. மார்பைத் தட்டையாகக் காட்ட அணியும் பைண்டரோடு குளத்தில் இறங்கலாமா என்று கேட்டதற்கு, மருத்துவர் "கூடாது" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டாராம்.

பைண்டர் நெஞ்சை இறுக்கும், தெரிந்ததுதான். தண்ணீரும் இறுக்கும் என்பதுதான் எனக்குத் தீராத வியப்பு. கழுத்தளவு நீரில் சும்மா நின்றாலே மூச்சு விடும் உழைப்பு ஏறத்தாழ 60 சதவீதம் கூடுகிறது. வெளியிலிருந்து நீர் விலாவை அழுத்துவது ஒரு காரணம். இன்னொன்று, கால்களையும் வயிற்றையும் நீர் அழுத்துவதால், அங்கே தங்கியிருக்கும் ரத்தத்தில் சுமார் 700 மில்லி மேலேறி நெஞ்சுக்கூட்டுக்குள் புகுந்துவிடுகிறது. மேட்டுப்பாளையம் பஸ்ஸில், மூவர் இருக்கையில் நாலாவது ஆளும் உட்கார, ஜன்னல் கம்பியோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். நீருக்குள் நுரையீரலின் பாடு அதுதான்.

நீந்துகிறவருக்கு வாய் நீருக்கு மேலே வரும் ஒரு நொடிதான் வாய்க்கிறது. அதற்குள் விலா விரிந்தாக வேண்டும். முன்புறம் இழுபடாத துணி வைத்த அன்றாடப் பைண்டர் அதைத்தான் தடுக்கிறது.

2017-இல் வெளியான ஆய்வொன்றில், பைண்டர் அணியும் சுமார் 1,800 பேரில் 97 சதவீதத்தினர் வலி, மூச்சுத்திணறல் என ஏதாவது ஒரு தொல்லையைச் சொன்னார்கள். மனம் தேறியதையும் அவர்களே சொன்னார்கள். அப்படிப்பட்ட உடையைக் "கூடாது" என்ற ஒரு சொல்லால் கழற்ற வைக்க முடியாது. வழி சொல்லாத மருத்துவம் பிள்ளைகளைக் கட்டுத்துணியிடம்தான் தள்ளுகிறது.

தம்பி, எலாஸ்டிக் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு இறங்கவே இறங்காதீர்கள். நீச்சலுடைத் துணியில் தைத்த பைண்டர் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் போட்டுப் போட்டுத் தளர்ந்த பழையது, மேலே முழுக்கை நீச்சல் சட்டை. கரையில் நின்று நெஞ்சு நிறைய மூச்சிழுத்துப் பாருங்கள். முட்டினால் அது வேண்டாம். கால் எட்டும் பக்கத்திலேயே பழகுங்கள். தலை சுற்றினால் ஏறிவிடுங்கள். நனைந்ததைத் தலைவழியே இழுத்துப் போராடாமல் இடுப்பு வழியே கீழே இறக்குங்கள்.

உங்கள் மலைத் தண்ணீரில் மட்டும் தொடங்க வேண்டாம். குளிர்நீர் பட்டதும் உடம்பு தன்னையறியாமல் மூச்சை வாரி இழுக்கும். அங்கே காற்றழுத்தமே கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான்.

குளத்தில் உடைமாற்றத் தாழ்ப்பாள் உள்ள அறை கேளுங்கள். 2019-ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, பொதுமக்களுக்கான வசதிகளில் உங்களிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. கேட்கத் தயக்கமாக இருந்தால் அக்காவையும் கூட அழைத்துப் போங்கள்.