பரீட்சை மணி அடித்ததும் நெஞ்சு படபடப்பது ஏன்?

மார்ச் மாதம். பொதுத்தேர்வின் முதல் நாள். உங்கள் எண் எழுதிய பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறீர்கள். மேற்பார்வையாளர் கேள்வித்தாள் கட்டைப் பிரிக்கிறார். அந்த நேரத்தில் உங்கள் உடலில் என்னென்ன நடக்கிறது? நெஞ்சு 'திக் திக்' என்று அடித்துக்கொள்கிறது. உள்ளங்கை வியர்த்துப் பேனா வழுக்குகிறது. நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. வயிற்றைப் புரட்டுகிறது. விரல்கள் சில்லிட்டு இலேசாக நடுங்குகின்றன. நேற்று இரவு மனப்பாடமாக ஒப்பித்த சூத்திரம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

உடனே இன்னொரு பயமும் சேர்ந்துகொள்கிறது. "எனக்கு என்ன ஆயிற்று? மயங்கி விழுந்துவிடுவேனோ? இதயத்தில் ஏதாவது கோளாறோ?" முதல் பயம் கேள்வித்தாளைப் பற்றியது. இரண்டாவது பயம் உங்கள் உடலைப் பற்றியது. மாணவர்கள் பலரைப் பாடாய்ப் படுத்துவது இந்த இரண்டாவது பயந்தான். உடலுக்குள் நடப்பது என்ன என்று தெரிந்துகொண்டால் அதன் பிடி தளரும். ஆகவே முதலில் அதைத் தெரிந்துகொள்வோம்.

பூனை கற்றுத் தந்த பாடம்

எக்ஸ் கதிர்களை ராண்ட்ஜன் கண்டுபிடித்தது 1895-இல். அடுத்த சில ஆண்டுகளுக்குள் அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் வால்டர் கானன் என்ற மாணவர் அந்தக் கதிர்களைக் கொண்டு பூனையின் வயிற்றை ஆராய்ந்தார். பிஸ்மத் உப்பு கலந்த உணவைப் பூனைக்குக் கொடுத்தார். அந்த உப்பு எக்ஸ் கதிர்களைத் தடுப்பதால், இரைப்பை சுருங்கி விரிவது திரையில் நிழலாகத் தெரிந்தது. பூனை அமைதியாக இருந்தபோது இரைப்பை ஒழுங்காக அசைந்தது. பூனை மிரண்டால் அசைவு நின்றுவிட்டது! தடவிக் கொடுத்து அமைதிப்படுத்தியதும் மறுபடி தொடங்கிற்று.

மனத்தில் தோன்றும் பயம் இரைப்பையை ஏன் நிறுத்த வேண்டும்? இந்தக் கேள்வி கானனை விடவில்லை. பின்னர் 1911-இல், குரைக்கும் நாயைக் கண்டு பயந்த பூனையின் இரத்தத்தில் அட்ரினலின் என்ற பொருள் மிகுந்திருப்பதை அவரும் அவருடைய கூட்டாளியும் காட்டினார்கள். நம் ஒவ்வொரு சிறுநீரகத்தின் மேலும் தொப்பி வைத்தாற்போல் ஒரு சிறு சுரப்பி இருக்கிறது. அதுதான் அட்ரினல் சுரப்பி. ஆபத்து என்று மூளை கருதியதும் பரிவு நரம்புகள் வழியே செய்தி பறக்கிறது. சுரப்பி அட்ரினலினை இரத்தத்தில் கொட்டுகிறது.

இதன் பயன் என்ன? காட்டில் புலியைக் கண்ட ஆதி மனிதனுக்கு இரண்டே வழிகள்தாம். எதிர்த்துப் போரிட வேண்டும். அல்லது ஓடித் தப்ப வேண்டும். இரண்டுக்கும் கைகால் தசைகளுக்கு நிறைய இரத்தமும் சர்க்கரையும் பிராண வாயுவும் தேவை. உணவைச் செரிக்க அது நேரமல்ல. அதனால்தான் இரைப்பை வேலையை நிறுத்திக்கொள்கிறது.

சிறுநீரில் வந்த சர்க்கரை

"புலி சரி, கேள்வித்தாள் கடிக்காதே!" என்று நீங்கள் கேட்கலாம். கானனும் இதைச் சோதித்துப் பார்த்தார். 1913-ஆம் ஆண்டு ஹார்வர்டு கால்பந்துக் குழுவின் கடைசிப் போட்டி முடிந்தவுடன் 25 வீரர்களின் சிறுநீரைப் பரிசோதித்தார்கள். 12 பேருடைய சிறுநீரில் சர்க்கரை இருந்தது. அந்த 12 பேரில் ஐந்து பேர் ஆட்டத்தில் இறங்கவே இல்லை! மாற்று ஆட்டக்காரர்களாக வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். கால் அசையாதபோதும் ஓடுவதற்கு வேண்டிய எரிபொருளைக் கல்லீரல் அவிழ்த்துவிட்டிருந்தது.

மருத்துவ மாணவர்களையும் வேறு ஆய்வாளர்கள் விட்டுவைக்கவில்லை. கடினமான தேர்வு ஒன்றுக்கு முன்பும் பின்பும் 34 பேரைச் சோதித்தார்கள். ஒருவருக்கு முன்னரே சர்க்கரை இருந்தது. மற்ற 33 பேரில் ஆறு பேருக்குத் தேர்வு முடிந்ததும் சிறுநீரில் சர்க்கரை தென்பட்டது. ஆம், உடலுக்குப் புலியும் ஒன்றுதான், பரீட்சையும் ஒன்றுதான். நூறாண்டுகளுக்கு முன்பு அமெரிக்க மாணவனுக்கு நேர்ந்ததே இன்று உங்களுக்கும் நேர்கிறது. இது கோழைத்தனம் அல்ல. உடல் தன் கடமையைச் செய்கிறது; இடந்தான் பொருந்தவில்லை.

ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம்

இனி உங்கள் பெஞ்சுக்குத் திரும்புவோம். நெஞ்சு படபடப்பது தசைகளுக்கு இரத்தத்தை வேகமாக அனுப்புவதற்காக. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை துடிக்கும் இதயம், கபடி ஆடும்போது 150-ஐத் தாண்டிவிடும். அப்போது நீங்கள் பயப்படுவதில்லை. ஏன்? காரணம் உங்களுக்குத் தெரிகிறது. பரீட்சையில் காரணம் தெரிவதில்லை, அதுதான் வேற்றுமை.

விரல்கள் சில்லிடுவது, தோலிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்குவதால். நாக்கு வறள்வது, செரிமான வேலையோடு உமிழ்நீரும் குறைவதால். நடுக்கம், தசைகள் பாய்வதற்குத் தயாராக இருப்பதால். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் உள்ள வியர்வைச் சுரப்பிகள் வெயிலைவிட மன எழுச்சிக்கே அதிகம் செவிசாய்ப்பவை. ஆகவே மின்விசிறிக்கு அடியிலும் கை ஈரமாகிறது. சூத்திரம் மறந்ததும் அப்படித்தான். படித்தது அழிந்துவிடவில்லை. ஆபத்தைக் கவனிப்பதில் மூளை மும்முரமாக இருப்பதால், பதிந்ததை எடுத்துத் தரும் வேலை சற்றுத் தடைப்படுகிறது. பதற்றம் தணிந்தால் அது திரும்பி வரும்.

தலைசுற்றலும் விரல் மரத்துப்போவதும் எப்படி வருகின்றன? பயத்தில் நாம் அறியாமலே வேகமாக மூச்சு விடுகிறோம். உட்கார்ந்த நிலையில் உடலுக்கு அவ்வளவு காற்று தேவையில்லை. ஆகவே இரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறிவிடுகிறது. கரியமில வாயு வெறும் கழிவு என்று எண்ணாதீர்கள். அது குறைந்தால் மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, தலை கிறுகிறுக்கிறது. இரத்தத்தின் காரத்தன்மை சிறிது கூடி, விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் ஊசி குத்துவதுபோல் இருக்கிறது. 'மூச்சு போதவில்லை' என்று தோன்றும். உண்மையில் மூச்சு அதிகமாகிவிட்டது! அதனால்தான், பதற்றத்தில் இருப்பவரிடம் "நன்றாக இழுத்து மூச்சு விடு" என்று சொல்வது சில சமயம் நிலைமையை மோசமாக்கிவிடுகிறது.

உடலுக்கு ஒரு பிரேக்

வண்டிக்கு வேகம் கூட்டும் கருவி இருந்தால் பிரேக்கும் இருக்க வேண்டும் அல்லவா? பரிவு நரம்புகள் வேகத்தைக் கூட்டுகின்றன. எதிர்ப் பரிவு நரம்புகள் குறைக்கின்றன. இவற்றுள் முக்கியமானது மூளையின் அடியிலிருந்து இதயம், நுரையீரல், வயிறு வரை செல்லும் வேகஸ் நரம்பு.

ஆஸ்திரியாவில் ஆட்டோ லோவி என்ற அறிஞர் 1921-இல் வெளியிட்ட சோதனை மிகவும் எளியது. இரண்டு தவளை இதயங்களை உப்புக் கரைசலில் துடிக்கவிட்டார். முதல் இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்பு குறைந்தது. அதைச் சுற்றியிருந்த கரைசலை எடுத்து இரண்டாம் இதயத்தில் விட்டார். நரம்பு எதையும் தூண்டாமலே அதன் துடிப்பும் குறைந்தது! நரம்பு நுனியிலிருந்து ஒரு வேதிப்பொருள் கசிகிறது என்பது இதனால் புலப்பட்டது. அதுதான் அசிட்டைல்கோலின் என்று பின்னர் தெரியவந்தது. இதற்காக 1936-இல் ஹென்றி டேலுடன் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தப் பிரேக்கை நீங்களே தொட்டுப் பார்க்கலாம். அமைதியாக உட்காருங்கள். இடது மணிக்கட்டில், பெருவிரலுக்குக் கீழே, வலது கையின் இரண்டு விரல்களை வைத்து நாடித் துடிப்பைக் கண்டுபிடியுங்கள். மெதுவாக மூச்சை உள்ளே இழுங்கள். பிறகு அதைவிட மெதுவாக வெளியே விடுங்கள். உள்ளே இழுக்கும்போது நாடி சற்று விரைவதும், வெளியே விடும்போது தாமதிப்பதும் தெரிகிறதா? உங்கள் வயதில் இந்த வேற்றுமை நன்றாகத் தெரியும். மூச்சு வெளியேறும்போது வேகஸ் நரம்பின் பிடி இறுகுவதே காரணம். இதயத்துக்கு நேரடியாக நாம் கட்டளையிட முடியாது. ஆனால் மூச்சின் வழியாக ஒரு செய்தி அனுப்பலாம்.

தேர்வு அறையில் என்ன செய்யலாம்?

முதலில், உடலோடு சண்டை போடாதீர்கள். "படபடக்காதே" என்று அதட்டினால் இதயம் கேட்காது. உங்கள் கவனம் முழுவதும் அதன் மேல் போய்விடும். "இது அட்ரினலின். வந்தது, இறங்கிவிடும்" என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். இது வெறும் ஆறுதல் வார்த்தையன்று. இரத்தத்தில் கலந்த அட்ரினலின் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். புதிய பயத்தை நீங்கள் ஊட்டாவிட்டால் அலை தானாகவே இறங்கும்.

இரண்டாவது, மூச்சு. மூக்கு வழியாக, நெஞ்சை விம்மவிடாமல், வயிறு மெல்ல உப்பும்படி நான்கு எண்ணும் வரை இழுங்கள். ஆறு எண்ணும் வரை விடுங்கள். வினாடிக்கு ஓர் எண் என்றால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு ஆகிறது. கேள்வித்தாளைப் படித்துப் பார்க்கத் தரும் பத்து நிமிடங்களில் முதல் இரண்டு நிமிடங்களை இதற்குக் கொடுங்கள். அது வீண்போகாது. காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்வது பழைய வழக்கம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது தீங்கு செய்யக்கூடும், அதை விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, தசைகள். எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1929-இல் எழுதிய நூலில் ஒரு வழியைச் சொன்னார். தசையை இறுக்கி, பிறகு தளர்த்திப் பழகினால் மனமும் தளரும் என்பது அவர் கருத்து. பெஞ்சுக்கு அடியில் கையை ஐந்து வினாடி இறுக மூடிப் பிறகு மெல்லத் திறங்கள். தோளையும் அப்படியே செய்யுங்கள். பாதங்களைத் தரையில் நன்றாக ஊன்றிக்கொள்ளுங்கள்.

நான்காவது, நன்றாகத் தெரிந்த கேள்வியை முதலில் எழுதுங்கள். கை ஓடத் தொடங்கினால் மூளையும் பின்தொடரும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்துகொண்டிருந்த சில அமெரிக்க மாணவர்களிடம், "படபடப்பு தேர்வைக் கெடுக்காது, உதவவும் கூடும்" என்று முன்கூட்டியே சொல்லிப் பார்த்தார்கள். அப்படிச் சொல்லப்பட்டவர்கள் கணிதப் பகுதியில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள் என்று 2010-இல் வெளியான அந்த ஆய்வு கூறுகிறது. சிறிய ஆய்வுதான், ஆனால் சிந்திக்கத் தக்கது.

ஓடிவிடாதீர்கள்

இந்த வழிகளைத் தேர்வு நாளன்று முதன்முதலாகச் செய்தால் பலன் குறைவு. நீச்சலைக் குளத்தில்தானே பழக வேண்டும்? வீட்டில் கடிகாரத்தை வைத்து மாதிரித் தேர்வு எழுதுங்கள். வகுப்பில் எழுந்து கேள்வி கேளுங்கள். படபடப்பு வரும், இருந்து பாருங்கள், அது இறங்கும். இப்படிப் பலமுறை நடந்தால் "இது புலியல்ல" என்று மூளை கற்றுக்கொள்கிறது. மாறாக, பயந்து விடுப்பு எடுத்தால் அந்த நிமிடம் நிம்மதிதான். ஆனால் "ஓடியதால் தப்பினோம்" என்றே மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை பயம் பெரிதாகும். தேர்வு நாள் காலையில் பட்டினியாகச் செல்லாதீர்கள். இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள். இரவு கண் விழிப்பதற்காகக் காப்பி மேல் காப்பி குடித்தால் அதிலுள்ள காஃபீனே படபடப்பைக் கிளப்பிவிடும்.

எல்லாப் படபடப்பும் பயத்தால் வருவதல்ல. இரத்தசோகையும் தைராய்டுக் கோளாறும் படபடப்பைத் தரும். விளையாடும்போது நெஞ்சு வலித்தாலோ, மயங்கி விழுந்தாலோ, மூச்சில் விசில் ஒலி கேட்டாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். பயம் வாரக்கணக்கில் நீடித்துத் தூக்கத்தையும் சாப்பாட்டையும் பள்ளிக்குப் போவதையும் கெடுத்தால், அல்லது வாழவே வேண்டாம் என்று தோன்றினால், ஒரு நாளும் தாமதிக்காமல் அம்மாவிடமோ அப்பாவிடமோ நம்பிக்கையான ஆசிரியரிடமோ சொல்லுங்கள். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையின் 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போக வெட்கப்படுகிறோமா? இதற்கும் அப்படித்தான்.

அடுத்த முறை மணி அடித்து நெஞ்சு படபடத்தால் கானனின் பூனையை நினைத்துக்கொள்ளுங்கள். அமைதி திரும்பியதும் அதன் இரைப்பை தானே வேலைக்குத் திரும்பியது. நீங்களும் ஆறு எண்ணி மூச்சை விடுங்கள். பிறகு முதல் கேள்வியைப் படியுங்கள்.