மதிலும் பசியும்: பெவென்ஸிக் கோட்டையின் வரலாறு



கோட்டையின் வலிமை எதில் உள்ளது என்று வகுப்பில் நான் வினவிய போதெல்லாம், மதிலில் என்றே விடை வந்தது. அவ்விடை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பெவென்ஸிக் கோட்டையைக் கொண்டு ஆராய்வோம்.

கி.பி. 290ஆம் ஆண்டையொட்டி உரோமர் இதனைக் கட்டினர். காலம் எவ்வாறு தெரிந்தது? அடித்தளத்தில் அறைந்திருந்த கருவாலி மரக்கம்பங்களும், ஆங்கே கிடைத்த நாணயங்களுமே சான்று பகர்கின்றன. அந்நாளில் கடல் கோட்டையை அணைத்துக் கிடந்தது. உரோமர் அகன்ற பின், 491இல் சாக்ஸனியர் முற்றுகையிட்டு உள்ளிருந்தோர் அனைவரையும் கொன்றனர் என்று ஆங்கிலோ-சாக்ஸன் ஆண்டுக்குறிப்பு கூறுகிறது.

1066 செப்டம்பர் 28ஆம் நாள், நார்மண்டிக் கோமகன் வில்லியம் தம் படையுடன் இறங்கியதும் இவ்விடத்திலேதான். பின்னர் நார்மானியர் பழைய மதிலுக்குள்ளேயே ஓர் உட்கோட்டை எழுப்பினர்.

இனித்தான் நம் வினாவுக்கு விடை கிடைக்கிறது. 1088இல் மன்னன் இரண்டாம் வில்லியமும், 1147இல் மன்னன் ஸ்டீபனும் இக்கோட்டையை வளைத்தனர். இருமுறையும் மதில் வீழவில்லை, உணவு தீர்ந்தது, உள்ளிருந்தோர் பணிந்தனர். ஆயின் 1264இல் தொடங்கிய முற்றுகையோ ஓராண்டு கடந்தும் பயனற்றுப் போயிற்று. காரணம் யாது? வளைத்தவர்களால் உணவு வரும் வழியை முற்றும் அடைக்க இயலவில்லை. மதில் பகைவனைத் தடுக்கும், பசியைத் தடுக்குமோ?

காலப்போக்கில் கடல் பின்வாங்கிற்று. இன்று கோட்டைக்கும் கடலுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மைல் தொலைவுண்டு. எனினும் காவற்பணி ஓயவில்லை. 1588இல் ஸ்பானியக் கப்பற்படை அச்சுறுத்தியபோது இங்கே பீரங்கிகள் நிறுவப்பட்டன. 1940இல் பிரான்சு வீழ்ந்ததும், ஜெர்மானியர் இக்கரையில் இறங்கக்கூடும் என்ற அச்சம் எழுந்தது. உடனே இடிந்த மதில்களினிடையே இயந்திரத் துப்பாக்கிக் கூண்டுகள் கட்டப்பட்டன. பழங்கற்களைப் போலவே தோன்றுமாறு அவற்றின் முகப்பு அமைக்கப்பட்டது.

போர் முடிந்தபின் அக்கூண்டுகளை இடித்தகற்றவில்லை. உரோமர் கல்லைப் போலவே அவையும் வரலாறுதான் என்று கருதிக் காத்து வருகின்றனர். பழமைக்கு மதிப்பளிக்கும் நாம், நேற்றைய நிகழ்ச்சிகளின் தடங்களையும் அழியாது போற்றுதல் வேண்டும். நீங்கள் எந்தக் கோட்டைக்குச் சென்றாலும் மதிலின் உயரத்தை அளப்பதோடு நின்றுவிடாதீர்கள். கிணறு எங்கே, களஞ்சியம் எங்கே, உணவு வந்த வழி எங்கே என்று தேடுங்கள். கோட்டையின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது.