அடைக்கோழியை விற்காதீர்கள்

"ஏனுங்கக்கா, இது ஒரு கிலோகூடத் தேறாது. இதையும் சேர்த்துக் குடுத்துருங்க" என்று வியாபாரி எப்போதும் கைகாட்டுவது என் சிறுவிடை நாட்டுக்கோழிப் பெட்டைகளைத்தான். நான் கொடுப்பதில்லை. ஒட்டன்சத்திரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்தில் பெருவிடை, கடக்நாத், கின்னிக்கோழி, வான்கோழி, வாத்து என்று பல இனம் மேய்கின்றன. ஒன்று விலை போகாத மாதத்தில் இன்னொன்று கைகொடுக்கிறது. இத்தனையையும் பெருக்கித் தருவது அந்த எடை தேறாத பெட்டைகள்தான்.

அடை உட்காரும் கோழி அத்தனை நாளும் முட்டையிடாது. அதனால் முட்டைக்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த வெள்ளை லெகார்ன் கோழியில் அந்தக் குணமே அநேகமாக அற்றுப்போய்விட்டது. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதியிலிருந்து வந்து, 2018-ல் புவிசார் குறியீடு பெற்ற கடக்நாத்தையும் நம்பி அடை வைக்க முடியாது. கின்னிக்கோழி புதரில் ஒளித்து முட்டையிடும். பொரித்தாலும் பனி ஈரத்தில் குஞ்சுகளை இழுத்தடித்துச் சாகக் கொடுத்துவிடும். இவற்றின் முட்டைகளுக்கெல்லாம் சிறுவிடைதான் வளர்ப்புத் தாய்.

முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது. கழுவவும் கூடாது. கூர்முனை கீழே இருக்கும்படி நிழலில் வைத்திருந்து, கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பி, இருட்டிய பிறகு வைக்கிறேன். ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு கோடு. வேறு கோழி வந்து முட்டையிட்டுவிட்டுப் போனால், கோடில்லாததை எடுத்துவிடலாம்.

கோழி முட்டை பொரிய 21 நாள் ஆகும். வான்கோழிக்கும் வாத்துக்கும் 28, கின்னிக்கு 26 முதல் 28. வான்கோழிக் குஞ்சு வேண்டுமானால் முதலில் நான்கு வான்கோழி முட்டைகளை வைப்பேன். ஏழாம் நாள் இரவு டார்ச்சைப் பிடித்துப் பார்த்தால், சிலந்தி கால் பரப்பியதுபோல் உள்ளே சிவப்பு நரம்பு ஓடும். அது கரு பிடித்த முட்டை. தெளிவாக இருப்பதை எடுத்துவிட்டு, அன்றே நான்கைந்து கோழி முட்டைகளைச் சேர்த்து வைப்பேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே நாளில் பொரியும். இந்தக் கணக்குக்குக் காரணம் உண்டு. வான்கோழிக் குஞ்சு தானாக இரை எடுக்கத் தடுமாறும். தீவனம் காலடியில் கிடந்தாலும் சில பட்டினியாகவே செத்துவிடும். பக்கத்தில் கோழிக்குஞ்சு கொத்துவதைப் பார்த்தால் தானும் எளிதாகக் கொத்தப் பழகும்.

பழகிய பிறகு வான்கோழியைத் தனி இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். கோழிக் குடற்புழுவின் முட்டை வழியாகக் கருந்தலை நோய்க் கிருமி பரவுகிறது. கோழி பெரும்பாலும் அதைத் தாங்கிக்கொள்ளும். வான்கோழிக்கோ ஈரல் கெட்டுவிடும். வாத்தையும் இரவில் தனியாகத்தான் அடைக்க வேண்டும். அது தண்ணீரைச் சிதறித் தரையை ஈரமாக்கும். ஈரத் தரையில் கோழிக்குஞ்சுகளுக்கு ரத்தக்கழிச்சல் வரும். வான்கோழி தவிர மற்றவை பகலில் ஒரே தோட்டத்தில் திரிந்தாலும், ஒவ்வொன்றுக்கும் தனித் தங்குமிடம் இருப்பது அவசியம்.

வெள்ளைக்கழிச்சல் வந்தால் கூட்டமே காலியாகிவிடும். அதற்கு மருந்தும் இல்லை. குஞ்சு பொரிந்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாம் வாரம் இறக்கையடியில் ஊசி. இதைத் தவறவிடவே கூடாது. புதிதாக வாங்கிய பறவையை மூன்று வாரமாவது தள்ளி வைத்துப் பார்த்த பிறகுதான் மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

"இன்குபேட்டர் வாங்கினால் வேலை முடிந்ததே" என்பார்கள். நிறைய முட்டை இருந்தால் அது உதவும். பொரிந்த குஞ்சுக்குப் பல்பு சூடு தரும். ஆனால் எது இரை என்று காட்டாது. பருந்து வட்டமிடும்போது ஒரே குரலில் எல்லாவற்றையும் இறக்கைக்குள் கூப்பிடவும் அதற்குத் தெரியாது. மேய்ச்சலில் விட்டு வளர்க்கும் சிறு பண்ணைக்கு தாய்க்கோழியின் இந்த வளர்ப்புதான் பாதி லாபம்.

அடையில் உட்கார்ந்த பெட்டையிடம் நாம் நடந்துகொள்ளும் விதமும் முக்கியம். தினமும் ஒருமுறை அது இறங்கி வரும்போது கம்பு, சோளம், தண்ணீர், புரண்டு எழச் சாம்பல் கலந்த மண் எல்லாம் அருகிலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் பேன் ஏறி, பாதியிலேயே எழுந்து போய்விடும்.

இனவிருத்திக்கு எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். தன் மகள்களோடே அது சேராதபடி, அவ்வப்போது வேறு ஊர்ச் சேவலை மாற்றிக்கொள்ள வேண்டும். அப்படி வாங்கப் போகும்போது எல்லோரும் கொண்டையையும் காலையும் உயரத்தையும் பார்க்கிறார்கள். அடை உட்காரும் குணம் சேவல் வழியாகவும் மகள்களுக்கு இறங்கும். ஆகவே விலை பேசுவதற்கு முன், அதன் தாய் எத்தனை குஞ்சைப் பொரித்து, எத்தனையை வளர்த்து ஆளாக்கியது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் மட்டும் சேவல் வாங்குங்கள்.