அவதூறும் கருத்துரிமையும்

ஒருவர் செய்யாத குற்றத்தை அவர்மேல் சுமத்தி, அவரது நற்பெயரைக் கெடுப்பதை அவதூறு என்கிறோம். புறங்கூறுதல் அதனின் வேறு. உள்ளதையே சொன்னாலும், ஆள் இல்லாவிடத்தில் இழித்துச் சொன்னால் அது புறங்கூறுதலாகும். அதனைக் கடியவே வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்தார். நீதிமன்றமோ, சொன்னது உண்மையா என்று முதலில் கேட்கும்.

கிங்ஸ் சர்க்கிளை அடுத்த மாட்டுங்காவில் பாவு தாஜி சாலையை நீங்கள் அறிவீர்கள். அப்பெயருக்குரிய மருத்துவர், இந்நகரின் புகழ்பெற்ற அவதூறு வழக்கொன்றில் சாட்சி சொன்னவர். 1860இல் கர்சன்தாஸ் மூல்ஜி என்னும் சீர்திருத்தவாதி, ‘சத்தியப்பிரகாஷ்’ என்னும் குஜராத்தி இதழில், சமயத் தலைவர்கள் சிலர் அடியார்களின் நம்பிக்கையைப் பயன்படுத்தி ஒழுக்கம் தவறுகின்றனர் என்று எழுதினார். பெயர் குறிக்கப்பட்ட ஜதுநாத்ஜி மகராஜ் 50,000 ரூபாய் இழப்பீடு கோரி வழக்குத் தொடுத்தார். அந்நாளில் அது பெருந்தொகை. எழுதியவர் மட்டுமல்லர், அச்சிட்ட நானாபாய் ருஸ்தம்ஜியும் பிரதிவாதியானார். மகராஜுக்கு எதிராக எவரும் சாட்சி சொல்லலாகாது என்று அவரைப் பின்பற்றியோர் கட்டுப்பாடு செய்தனர். அந்நிலையிலும் பாவு தாஜி கூண்டிலேறி, மருத்துவர் என்ற முறையில் தாம் அறிந்ததைக் கூறினார். துணிவு என்பது இதுவே என்று எனக்குத் தோன்றும். எழுதப்பட்டவை உண்மையே என 1862 ஏப்ரலில் பம்பாய் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது.

இன்று நம் அரசியலமைப்பின் 19(1)(அ) உறுப்பு பேச்சுரிமையை வழங்குகிறது. 19(2) அதற்கு நியாயமான வரம்புகளை அனுமதிக்கிறது. அவ்வரம்புகளுள் அவதூறும் ஒன்று. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவிலும், 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவிலும் அது குற்றமாக வரையறுக்கப்பட்டுள்ளது. இரண்டாண்டு வரை சிறை விதிக்கலாம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். குற்றவழக்கில் ‘நான் சொன்னது உண்மை’ என்பது மட்டும் போதாது. அதனை வெளியிடுவது பொதுநன்மைக்குத் தேவை என்றும் காட்ட வேண்டும். ஒருவரது குடும்பத் துயரம் உண்மையே ஆயினும் ஊருக்கு அறிவிக்கத்தக்கதன்று. சொல்லுக்குச் சிறையா என வினவுவோர் உளர். அவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. எனினும், நற்பெயரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதியே எனக் கூறி, உச்ச நீதிமன்றம் 2016இல் இச்சட்டத்தை நிலைநிறுத்தியது.

கருத்துக்கும் செய்திக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ‘அந்த உணவகத்து இட்லி எனக்குப் பிடிக்கவில்லை’ என்பது கருத்து. அதற்குச் சான்று வேண்டா. ‘அங்கே கெட்ட மாவைக் கலக்கிறார்கள்’ என்பது மெய்ப்பிக்க வேண்டிய செய்தி. பிறர் எழுதிய அச்செய்தியை வாட்ஸ்அப்பில் அப்படியே அனுப்பியவரும், அன்று அச்சகத்தார் நின்றதுபோல, பதில் சொல்ல நேரலாம்.