பல்லைச் சுத்தம் செய்தால் ஆடிப் போகுமா?

ஆரணியில் தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க மணிக்கணக்காகும். டீயும் வெற்றிலையும்தான் துணை. விளைவு, பல்லில் ஏறிய கறை. "டாக்டர்கிட்டே போய் க்ளீன் பண்ணிக்கலாமே" என்று சொல்லிப் பாருங்கள். "வேணாங்க, பல்லு ஆட ஆரம்பிச்சிடும்" என்று பதில் வரும். தறி வீட்டை விடுங்கள், உங்கள் வீட்டிலும் பாட்டி இதைத்தானே சொல்கிறார்?

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. துலக்காமல் விட்ட அழுக்கு எச்சிலில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து கல்லாக இறுகிவிடும். இதுதான் காரை. கீழ்வரிசை முன்பற்களின் உள்பக்கத்தை நாக்கால் தடவுங்கள். சொரசொரவென்று இருந்தால் அதுவேதான். காரையை ஒட்டித் தங்கும் கிருமிகளால் ஈறு வீங்கி இறங்கும், எலும்பு கரையும். பல் அப்போதே ஆட்டம் கண்டுவிடும். சிமென்ட் பூசிய மாதிரி அதைப் பிடித்து வைத்திருப்பது காரைதான்! அதை எடுத்ததும் ஆட்டமும் இடைவெளியும் வெளியே தெரிகின்றன. பழி மட்டும் டாக்டர் தலையில்.

ஆரணிக்காரர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். சாயம் போடுவதற்கு முன் பட்டு நூலை சோப்புத் தண்ணீரில் காய்ச்சிப் பசை எடுப்பார்கள். ஒரு கிலோ நூலில் ஏறக்குறைய கால் கிலோ எடை குறைந்துவிடும். பட்டா போனது? பசைதானே!

ஸ்கேலிங் கருவியின் முனை ஒரு விநாடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிர்ந்து காரையைத் தட்டி உதிர்க்கிறது. கூடவே தண்ணீர் பீய்ச்சும். பல்லை அது அறுப்பதில்லை. பிறகு ரப்பர் கிண்ணத்தில் பசை தடவிச் சுழற்றி பாலிஷ். டீ, வெற்றிலை, புகையிலைக் கறை இதில் போய்விடும். இரண்டொரு நாள் கூச்சம் இருக்கலாம், பயப்படாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், இதய வால்வு மாற்றியவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எல்லாக் கறையும் போகாது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஃபுளோரைடு தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களின் பழுப்புப் பல், நூலுக்குள் இறங்கிய சாயம் மாதிரி. (அங்கே 2013-ல் ஒகேனக்கல் குடிநீர் வந்தது, ஏற்கெனவே ஏறிய நிறம் தண்ணீர் மாற்றியதால் மறையாது.) அதற்கு பாலிஷ் போதாது, வேறு வைத்தியம்.

செங்கல் பொடி, உப்பு, கரித்தூள் வைத்து வீட்டிலேயே தேய்க்கிறீர்களா? தயவுசெய்து வேண்டாம். எனாமல் தேய்ந்தால் திரும்ப வளராது. சொரசொரப்பான பல்லில் அடுத்த கறை இன்னும் சீக்கிரமாக ஏறும்.

வெற்றிலை போடுகிறவர்கள் பல்லோடு நிறுத்திக்கொள்ளாமல் கன்னத்தின் உள்பக்கத்தையும் டாக்டரிடம் காட்டுங்கள். 'நான் புகையிலை சேர்ப்பதில்லையே' என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே அறிவித்துவிட்டது. வெள்ளைத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வாயை முழுசாகத் திறக்க முடியாத இறுக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் க்ளீனிங் அப்புறம் ஆகட்டும், முதலில் அதைக் காட்டுங்கள்.