தூரிகை பிடித்த இளமை – 6: குடைராட்டினமும் சவரக் கடையும்

சித்திரம் வரையத் தெரிந்த பிள்ளை, அதைப் போட்டிக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்கும் தினங்களைப் பற்றிச் சென்ற வாரம் பேசினோம். இந்த வாரம், அமெரிக்காவின் மிகப் பழைய மாணவர் கலைப் போட்டி ஒன்றையும், அதற்குப் படம் அனுப்பிய ஒரு பள்ளி மாணவரையும் பார்ப்போம்.

பென்சில்வேனியா மாகாணத்தின் பிட்ஸ்பர்க் நகரை அடுத்த வில்கின்ஸ்பர்க்கில், 1920-ஆம் ஆண்டு, மாணவர்களுக்கென்றே ஸ்கொலாஸ்டிக் பத்திரிகையைத் தொடங்கிய மாரிஸ் ராபின்சன், விளையாட்டில் ஜெயித்தவனைத் தோளில் தூக்கிக் கொண்டாடும் பள்ளிகள், எழுதுகிறவனையும் சித்திரம் தீட்டுகிறவனையும் அதே உற்சாகத்தோடு பாராட்ட வேண்டாமா என்று எண்ணி, 1923-இல் ஏற்படுத்திய பரிசுத் திட்டம் இன்றளவும் நடந்து வருகிறது. ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, 13 வயது நிரம்பியவர்கள் இதில் பங்குபெறலாம். முதலில் அந்தந்தப் பிரதேசத்தில் பரீட்சித்து, அங்கே தங்கச் சாவி என்னும் பரிசு பெற்றவற்றைத் தேசிய அளவில் மீண்டும் பரிசீலிக்கிறார்கள். வரைந்தவர் பெயர் நடுவர்களுக்குத் தெரியாது.

அவர்கள் பார்ப்பவை மூன்று: சுயமான கற்பனை, கைத்திறன், மாணவரின் பிரத்தியேகமான பார்வை அதில் அரும்பியிருக்கிறதா என்பது. முதல் இரண்டையும் ஆசிரியரின் உதவியாலும் அப்பியாசத்தாலும் ஓரளவு வளர்த்துக்கொள்ளலாம். மூன்றாவதையோ, தான் நின்ற இடத்திலிருந்து தன் கண்ணால் கண்டதை நம்புகிற துணிவு உள்ளவனால் மட்டுமே அடைய முடியும்.

அந்தத் துணிவு பிட்ஸ்பர்க்கில் 1924-இல் பிறந்த பிலிப் பேர்ல்ஸ்டைனுக்கு உயர்நிலைப் பள்ளியிலேயே இருந்தது. புராணக் காட்சிகளையோ பெரும் போர்களையோ தேடிப் போகாமல், சுழலும் குடைராட்டினம் ஒன்றையும், தம் ஊர் வைலி அவென்யூவிலிருந்த ஒரு சவரக் கடையையும் அவர் தீட்டி அனுப்பினார். இரண்டும் பரிசு பெற்று, லைஃப் பத்திரிகையில் வண்ணத்தில் வெளியாயின. 1943-இல் ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட அந்த இளைஞர், புளோரிடாவில் பயிற்சிக்கான விளக்கப் படங்களையும், பிறகு இத்தாலியில் சாலைப் பலகைகளையும் எழுதினார். யுத்தத்தின் நடுவிலும் தூரிகை அவர் கையைவிட்டு அகலவில்லை. ஊர் திரும்பிக் கல்லூரிப் படிப்பைத் தொடர்ந்தபோது, சக மாணவராக வாய்த்த ஆண்டி வார்ஹோலோடு சிநேகம் கொண்டு, 1949-இல் இருவரும் நியூயார்க்குக்குப் புறப்பட்டார்கள்.

பிற்காலத்தில், உருவமற்ற ஓவியமே உயர்ந்தது என்று கலையுலகம் கருதியிருந்த வேளையில், எதிரே அமர்ந்திருக்கும் மனித உருவத்தைக் கண்ணுக்குத் தெரிகிறபடியே எழுதுவதென்று அவர் கொண்ட உறுதியை நினைக்கும்போதெல்லாம், அந்தச் சவரக் கடை என் ஞாபகத்துக்கு வருகிறது. 2022-இல் தமது 98-ஆவது வயதில் காலமாகும்வரை அவர் கைவிடாத சுபாவம், பள்ளி நாளின் அந்தப் படங்களிலேயே வேர்விட்டிருந்தது என்பது என் அபிப்பிராயம்.

ஆகையால், போட்டிக்குப் படம் எழுத உட்காரும் பிள்ளையிடம், எது பரிசு வாங்கும் என்று யோசிக்காதே, தினமும் நீ கடந்து போகிற கடையையும் அதனுள்ளே விழுகிற வெளிச்சத்தையும் இன்னொரு முறை நின்று பார் என்றே சொல்வேன். பரிசு வராமற்போனாலும், அப்படிப் பார்த்த பார்வையை எந்த நடுவரும் திருப்பி வாங்கிக்கொள்ள முடியாது.

பரிசு கிட்டாத படத்தை மறுபடி எடுத்துத் திருத்துவது எப்படி என்பதை அடுத்த வாரம் காண்போம்.

(தொடரும்)